காதால் கண்டுபிடித்த கியர்

நெல் அறுவடை முடிந்ததும் உத்திரமேரூர் பக்கத்து ஏரிக்கரைச் சாலைகளில் பிக்கப் வண்டிகளின் சத்தம் மாறிவிடும். காலியாகப் போகும்போது ஒரு குரல், மூட்டை ஏற்றித் திரும்பும்போது வேறு குரல். களத்திலிருந்து கரைமேல் ஏறும் மேட்டில் டிரைவர் இரண்டாவது கியரிலிருந்து ஒன்றாவதுக்கு இறக்குவார். கியர் ஒழுங்காக விழுந்ததா, இடித்துக்கொண்டு விழுந்ததா என்பது டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்குக்கு அங்கிருந்தே தெரியும். "கிளட்ச் பிளேட்டு போச்சுண்ணே, நாளைக்குக் கொண்டாங்க" என்று அங்கேயே தீர்ப்பு சொல்லிவிடுவார். பெரும்பாலும் தீர்ப்பு தப்பாது.

இந்தக் கேள்வி ஞானம் லாரிக் காலத்துச் சொத்து. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. பிறகு லேலண்ட் லாரிகளுக்கு மாறி, 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. அந்தக் காலத்து லாரிகளில் இருந்தது 'கிராஷ் கியர்'. பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றுக்கொன்று இசைய வைக்கும் சின்க்ரோமேஷ் அதில் கிடையாது. அந்த வேலையை டிரைவரின் காலும் காதும்தான் செய்யவேண்டும். கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, இன்ஜினுக்கு ஒரு 'ரேஸ்' கொடுத்து, மறுபடி மிதித்துக் கீழ் கியர் போடவேண்டும். இதற்குப் பெயர் டபுள் கிளட்ச். கணக்கு தப்பினால் பெட்டி 'கர்ர்' என்று கத்தி ஊரையே கூட்டிவிடும். கிளீனராகச் சேர்ந்த பையன், வருஷக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் ஸ்டியரிங்கில் கை வைப்பான்.

பட்டறையிலும் காதுதான் முதல் கருவி. நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கியர் பெட்டிமேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டி வைத்துக்கொள்வார் மேஸ்திரி. எந்த பேரிங் கரகரக்கிறது என்று இரும்பு வழியாகவே சேதி வந்துவிடும். அடுத்தது விரல். வடித்த கியர் ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து வெயிலில் காட்டுவார். சின்க்ரோமேஷ் உள்ள பெட்டியில் மஞ்சளாக மினுமினுத்தால் பித்தளை சின்க்ரோ வளையம் தேய்கிறது. வெள்ளைச் சில்லு அகப்பட்டால் பல் உடைந்திருக்கிறது. பெட்டியை இறக்கிச் சாக்கு விரித்துப் பிரித்து, அன்றைக்கு மாலையே மாட்டிவிட முடிந்த காலம் அது.

2005 மே மாதம் டாடா ஏஸ் வந்தது. இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத் திறன். தமிழ்நாடு அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்தது. 2011-இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டும் நிசானும் சேர்ந்து செய்த 'தோஸ்த்' ஒன்றேகால் டன் சுமக்கும் வண்டியாக இறங்கியது. லாரி வாங்க வசதியில்லாதவரும் முதலாளியானார். டபுள் கிளட்ச் மறைந்து சின்க்ரோமேஷ் வந்திருந்தது. ஆனாலும் இடது கால் ஓயவில்லை, பட்டறையில் சாக்கு விரிப்பதும் நிற்கவில்லை.

அமெரிக்காவில் அந்தக் கால் எப்போதோ ஓய்ந்துவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் 'ஹைட்ராமேட்டிக்' என்ற தானியங்கிக் கியரைக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அதே பெட்டி இலகு ரக டாங்கிகளுக்குப் போனது. 1953 ஆகஸ்டில் மிச்சிகன் மாநிலம் லிவோனியாவில் இருந்த ஹைட்ராமேட்டிக் ஆலை தீயில் அழிந்தபோது, கேடிலாக் கார்களுக்கே பியூக்கின் 'டைனாஃப்ளோ' பெட்டியைப் பூட்டி அனுப்பவேண்டியதாயிற்று.

இதில் எண்ணெயின் கதை தனி. கையால் போடும் கியரில் எண்ணெய்க்கு முக்கியமாகத் தேய்மானத்தைக் குறைக்கும் வேலைதான். ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய்தான் இழுக்கிறது: டார்க் கன்வெர்ட்டருக்குள் சுழன்று இன்ஜினின் விசையைக் கடத்துவதும், கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும், சூட்டை வாங்கிக்கொண்டு போவதும் அதுவே. அந்தப் பிடிமானம் சரியாக அமைய, எண்ணெய்விந்துத் திமிங்கிலத்தின் கொழுப்பெண்ணெயை அதில் கலந்துவந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதற்குத் தடை போட்டது. மாற்றாக வந்த கலவைகளில் சில, ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலரின் பற்றவைப்பை அரித்து, நன்றாக ஓடிய பெட்டிகளையும் பழுதாக்கின. தப்பான எண்ணெய் ஊற்றினால் ஆட்டோமேட்டிக் பெட்டி பிழைக்காது என்ற பாடத்தை அந்த நாடு அப்படித்தான் படித்தது.

நம் ஊரில் 1990-களில் மாருதி ஜென் போன்ற சில கார்கள் ஆட்டோமேட்டிக்காக வந்தும், விலைக்கும் பெட்ரோல் செலவுக்கும் பயந்து யாரும் அண்டவில்லை. 2014 பிப்ரவரியில் மாருதி செலேரியோ 'ஏஎம்டி'யோடு வந்தபிறகுதான் நிலைமை மாறியது. அது பழைய கியர் பெட்டியேதான். கிளட்ச்சை மிதிக்கவும் கியரை மாற்றவும் ஆளுக்குப் பதில் ஒரு சாதனம். பிக்கப்பில் இந்த வசதி மெல்லத்தான் நுழைந்தது. ஆந்திர எல்லையில் உள்ள ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுசு வி-கிராஸ் 2019-இல் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கோடு வந்தது. டொயோட்டா ஹைலக்ஸ் 2022-இல் வந்தது. நெல் மூட்டை சுமக்கும் பிக்கப்களில் பெரும்பாலும் இன்றும் கையால் போடும் கியர்தான்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பெட்டிகள் உத்திரமேரூருக்கு அந்நியமே அல்ல. பேருந்துகளுக்கும் கனரக வண்டிகளுக்கும் ஆட்டோமேட்டிக் கியர் செய்யும் அமெரிக்காவின் அலிசன் நிறுவனம் 2010-இல் பக்கத்து ஒரகடத்தில் ஆலை திறந்தது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையிலிருந்து 2013-இல் வெளிவந்த எக்கோஸ்போர்ட்டின் ஒரு வகையில் இரட்டைக் கிளட்ச் கொண்ட 'பவர்ஷிஃப்ட்' பெட்டி இருந்தது. 2020-இல் அதே ஆலையின் எண்டவர், பத்து கியர் ஆட்டோமேட்டிக்கோடு வந்தது. அமெரிக்காவில் எஃப்-150 பிக்கப்பில் 2017 முதல் பூட்டப்படும் பெட்டிக்கு இது உறவு. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கூடி வடிவமைத்த குடும்பம்.

இரண்டு பெட்டிகளும் வெளிநாடுகளில் நீதிமன்றப் படி ஏறின. பவர்ஷிஃப்ட் வண்டிகள் நெரிசலில் உதறுகின்றன என்று ஆஸ்திரேலியாவில் புகார்கள் குவிந்தன. ஃபோகஸ், ஃபியஸ்டா, எக்கோஸ்போர்ட் மூன்றும் அந்தப் பட்டியலில் இருந்தன. உதறல் பெட்டியின் குறை என்று தெரிந்திருந்தும், "நீங்கள் ஓட்டும் விதம் அப்படி" என்று வாடிக்கையாளர்களிடம் அடிக்கடி சொல்லப்பட்டது. 2018 ஏப்ரலில் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. எக்கோஸ்போர்ட் 2017-இல் புதுப்பிக்கப்பட்டபோது இந்தியாவில் அதன் ஆட்டோமேட்டிக், டார்க் கன்வெர்ட்டர் வகைக்கு மாறியது. பத்து கியர் பெட்டியைப் பற்றி அமெரிக்க பிக்கப் உரிமையாளர்கள் 2019-இல் வழக்குத் தொடுத்தார்கள். புது வண்டி கியர் மாறும்போது குலுங்குகிறது, வழுக்குகிறது என்று போனால், அது இயல்புதான் என்று திருப்பி அனுப்புகிறார்கள் என்பது அவர்களின் குற்றச்சாட்டு.

அந்தப் பதிலில் பாதி உண்மை உண்டு என்பதுதான் சிக்கல். புதுப் பெட்டியின் கணினி, ஒவ்வொரு கிளட்ச்சுக்கும் எவ்வளவு அழுத்தம் எத்தனை நொடியில் வேண்டும் என்று ஓட ஓடக் கற்றுக்கொள்கிறது. காலையில் முதல் சில கியர் கொஞ்சம் முரடாக விழுந்து, நாளாக ஆக மென்மையானால் கவலையில்லை. ஆனால் இன்ஜின் சத்தம் ஏறியும் வண்டி வேகம் ஏறாவிட்டால், 'டி'யிலோ 'ஆரி'லோ போட்ட பிறகு ஒரு மூச்சு யோசித்துவிட்டு இடித்துக் கிளம்பினால், கருகிய வாசனை வந்தால், அது கற்றுக்கொள்வதல்ல, கோளாறு. சுமையோடு ஏரிக்கரை மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே ஏஎம்டி வண்டியை நிறுத்தி வைப்பதும் கிளட்ச்சைச் சுட்டுவிடும். இறக்கத்தில் டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுகிற லாரிக் காலப் பழக்கம் இந்தப் பெட்டிகளுக்கு ஆகாது.

டீக்கடை மெக்கானிக்கின் காதுக்கு இங்கே வேலை குறைவு. பல பெட்டிகளில் எண்ணெய் பார்க்கும் குச்சிகூடக் கிடையாது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஓடும்போதே, எண்ணெய் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்ததும் அடிப்பக்கத் திருகைத் திறந்து பார்க்கவேண்டும். அந்தச் சூட்டைச் சொல்வது ஸ்கேனர். கோளாறின் குறியீட்டைச் சொல்வதும் ஸ்கேனர்தான். முன்பு டிரைவர் கேட்டது, மேஸ்திரி கேட்டது, பக்கத்துக் கடைக்காரர் கேட்டது எல்லாமே சாட்சி. இப்போது சாட்சி கணினிக்குள் இருக்கிறது. அதைத் திறக்கும் சாவி கம்பெனி சர்வீஸில் இருக்கிறது.

அதனால் டிரைவர் தன் பக்கத்துச் சாட்சியை எழுத்தில் சேர்க்கவேண்டும். கணக்குக் காட்டாமல் போன ஊர்ச்சபை வாரிய உறுப்பினர் மறுபடி குடவோலைத் தேர்தலில் இடம்பெற முடியாது என்று முதலாம் பராந்தகன் காலத்திலேயே கல்லில் வெட்டிய ஊர் உத்திரமேரூர். இங்கே இதைச் சொல்வது கடினமில்லை. சர்வீஸுக்கு விடும்போது "கியர் ப்ராப்ளம்" என்ற இரண்டு வார்த்தையோடு ஜாப் கார்டில் கையெழுத்துப் போடக்கூடாது. எத்தனை கிலோமீட்டரில், எந்தக் கியரில், எவ்வளவு சுமையில், வண்டி சூடான பிறகா முன்பா என்று எழுதச் சொல்லவேண்டும். உதறலை மொபைலில் பதிவு செய்து, கூடவே ஒருவரை உட்காரவைத்து ஓட்டிக் காட்டவேண்டும். எடுத்த குறியீட்டின் நகல் கேட்டு வாங்கவேண்டும்.

லோடு வண்டிக்காரர்கள் பலர், வியாபாரத்துக்கு வாங்கிய வண்டி என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று நினைக்கிறார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விதிவிலக்கு இருக்கிறது: சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கியவர் நுகர்வோர்தான். விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால், தான் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். கோளாறு எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிடவேண்டும். அதற்கு முன் பேசிப் பார்க்க நினைத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.