தங்கவயலில் தாயமும் பல்லாங்குழியும்

வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று ஊரிலிருந்து கொண்டுவந்தவை யாவை என்று கணக்கெடுத்தால், அம்மியும் குழவியும், பித்தளைக் குடமும், குலதெய்வக் கோயிலின் பிடிமண்ணும் உடனே நினைவுக்கு வரும். எடையில்லாத பொருள் சிலவும் அவற்றோடு வந்திருக்கின்றன. எடையில்லாமையால் அவற்றை எவரும் எண்ணுவதில்லை. தாயத்தின் கட்டமும், பல்லாங்குழியின் கணக்கும், ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகளுமே அவை. ஒரு கரித்துண்டும் ஒரு பிடி புளியங்கொட்டையும் கிடைத்துவிட்டால் எந்த ஊர்த் தரையிலும் இவை முளைத்துவிடும். கோலார் தங்கவயலில் வாழும் நம் மக்களிடையே இவை 2020ஆம் ஆண்டின் ஊரடங்கில் மீண்டும் தளிர்த்த கதையை இங்குச் சிறிது காண்போம்.

தங்கவயலின் வரலாறு நேயர் பலர் அறிந்ததே. அப்பகுதியில் பொன் கிடைப்பதை ஆங்கிலப் படையைச் சேர்ந்த ஜான் வாரன் என்பார் 1802ஆம் ஆண்டில் ஆராய்ந்தார். 1870களில் லவெல் என்ற ஐரிஷ்காரர் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை பெற்றார். 1880க்குப் பின்னர் ஜான் டெய்லர் கம்பெனியார் பொறுப்பேற்ற பிறகே பொன் மிகுதியாகக் கிடைக்கலாயிற்று. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர், அவருள்ளும் பெரும்பாலோர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்கள், ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தனர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து 92 மைல் தொலைவுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிற்று. மேலே, ‘லைன்’ எனப்பட்ட வரிசை வீடுகளில், தோளோடு தோள் ஒட்டிய சிற்றறைகளில் குடும்பங்கள் வாழ்ந்தன. சங்கு ஊதும்போது ஒரு கூட்டம் பூமிக்குள் இறங்க, மற்றொரு கூட்டம் மேலே வரும். இவ்வாறு முறைவைத்து உழைப்பவருக்கு ஊரெல்லாம் கூடி ஆடும் ஆட்டம் ஒத்துவராது. இருவர் அமர்ந்து, பாதியில் நிறுத்தி, மறுநாள் தொடரும் ஆட்டமே ஏற்றது.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாளோடு சுரங்கம் மூடப்பட்டது. ஊர் மட்டும் அங்கேயே நின்றது. அதன் பின்னர் தங்கவயலாரில் பல்லாயிரவரின் வாழ்வு ரயில் பெட்டிக்குள் சென்றுவிட்டது. விடியுமுன் மாரிக்குப்பத்திலோ சாம்பியனிலோ ஏறிப் பெங்களூர் சென்று வேலை பார்த்து, இருட்டிய பின்னர் வீடு திரும்புவர். தந்தை தன் பிள்ளைகளை விழித்த நிலையில் காண்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்தான் என்ற வீடுகள் அங்கு உண்டு.

2020 மார்ச் 22ஆம் நாள் பயணிகள் ரயில்கள் நின்றன. 25ஆம் நாள் தொடங்கி நாடெங்கும் ஊரடங்கு. ரயில் நின்றால் கூலி நிற்கும் ஊர் அது. பெங்களூரில் பலர் வீட்டிலிருந்தே கணிப்பொறியில் அலுவல் பார்த்தனர். காவற்பணியையும் கட்டட வேலையையும் அவ்வாறு வீட்டிலிருந்து பார்க்க வழியில்லை. சிற்றறைக்குள் ஐந்தாறு பேர், நாள் முழுவதும், வாரக்கணக்கில்.

கூலி நின்ற வீட்டில் ஆட்டம் ஒரு கேடா என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு விடை மிகப் பழைய நூலொன்றில் இருக்கிறது. லிடியா நாட்டில் கொடும் பஞ்சம் வந்தபோது மக்கள் பகடை முதலிய ஆட்டங்களைக் கண்டுபிடித்து, ஒரு நாள் முழுதும் உண்ணாமல் ஆடியும், மறுநாள் ஆடாமல் உண்டும், இப்படியே பதினெட்டு ஆண்டுகளைக் கடந்தனர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியுள்ளார். பதினெட்டு ஆண்டு என்பதை நாம் நம்ப வேண்டியதில்லை. பசியும் ஆட்டமும் அயலாரல்லர் என்பதை மட்டும் நம்பலாம்.

நம் நாட்டுப் பலகை ஆட்டங்களை உற்றுநோக்கின், அவற்றுள் பல அடைபட்டவர்களால் பேணப்பட்டவை என்பது புலனாகும். பூப்படைந்த பெண்ணையும் மாதவிலக்கு நாட்களில் மகளிரையும் தனியிடத்தில் இருத்திய காலத்தில், அவர்கள் கைக்குத் துணையாக இருந்தது பல்லாங்குழி. அவ்வழக்கத்தை நாம் போற்றவில்லை, ஒழிந்தது நன்றே. ஆனால் ஆட்டத்தின் நுட்பங்கள் பாட்டியிடமிருந்து பேத்திக்குச் சென்ற பள்ளி அந்த ஒதுக்கிடந்தான் என்பதை மறுக்கவியலாது. பல்லாங்குழியிலேயே ஒருவர் தனித்து ஆடும் வகை ஒன்றுண்டு. அதற்குச் சீதைப்பாண்டி என்றும் அசோகப்பாண்டி என்றும் பெயர். அசோகவனத்தில் எதிரே அமர ஆளின்றிச் சீதை ஆடியது என்பது மக்கள் நம்பிக்கை. தனிமைக்கென்றே ஓர் ஆட்டத்தை வகுத்து, அதற்கு நாட்டிலேயே மிகத் தனித்திருந்தவளின் பெயரையும் இட்டார்களே, அந்தப் பெயரறியாப் பெண்களை என்னென்பது!

வைகுண்ட ஏகாதசி இரவில் உறங்காதிருக்கப் பரமபதம் ஆடுவதும் ஒருவகை அடைப்புத்தான். அரசருள் ஒருவரையும் இங்கே சொல்லவேண்டும். தங்கவயல் இருந்த மைசூர் நாட்டை ஆண்ட மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரிடமிருந்து 1831இல் ஆங்கிலேயர் ஆட்சிப் பொறுப்பைப் பறித்தனர். அரண்மனை இருந்தது, ஆள நாடில்லை. 1868இல் மறையும்வரை அவர் செய்த பணிகளுள் ஒன்று, பழைய பலகை ஆட்டங்களைத் தொகுத்ததும் புதியன வகுத்ததுமாகும். அவர் தொகுப்பித்த ஸ்ரீதத்துவநிதி என்னும் பெருநூலில் ஆட்டங்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. அரியணையிலிருந்து ஒதுக்கப்பட்டவரும் புழக்கடையில் ஒதுக்கப்பட்டவளும் ஒரே துணையைத் தேடியிருக்கிறார்கள்.

மீண்டும் தங்கவயலுக்கு வருவோம். ஊரடங்கில் தாயக்கட்டை இல்லாத வீட்டார் கடைக்குச் செல்ல வழியில்லை, வழியிருந்தாலும் காசில்லை. அதனாலென்ன? புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைக் கரடான தரையில் வெள்ளை தெரியுமட்டும் தேய்த்தால் பகடை ஆயிற்று. கட்டம் சுண்ணாம்பில். தாயம் விழாமல் காய் களத்தில் இறங்காது; எதிரியின் காயை ஒன்றேனும் வெட்டாமல் உள்வழி திறவாது. காலையில் தொடங்கிய ஆட்டம் விளக்கு வைக்கும் வரையில் செல்லும். பல்லாங்குழிக்குப் பலகை வேண்டும் என்பதுமில்லை. ஏழுக்கு ஏழாகப் பதினான்கு வட்டம் தரையில் இட்டால் போதும். குழிக்கு ஐந்தோ ஆறோ முத்து. முத்து என்பதும் அதே புளியங்கொட்டைதான். கொட்டை ஒவ்வொன்றாக இட்டுச் செல்கையில் ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு. குழிக்குரியவர் உடனே அள்ளிக்கொள்வார். ஆட்டம் வளர வளர ஒருவர் செல்வராவார். மற்றவர் நிரப்ப இயலாத குழிகளை வெறுமையாக விட்டு ஆடுவார். குழி ஒன்றை நிரப்பவும் போதாத நிலையில், குழிக்கு ஒரே முத்தாக இட்டு ஆடுவதற்குச் சில ஊர்களில் கஞ்சி என்று பெயர். அந்த ஏப்ரல் மாதத்தில் அப்பெயரைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டிய அவசியம் பல வீடுகளில் நேர்ந்திராது.

ஆடுபுலி ஆட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். புலி மூன்று, ஆடு பதினைந்து. ஆடு எதனையும் கொல்ல வல்லதன்று. அவை நெருங்கி நின்று புலி அசைய இடமில்லாமல் அடைத்துவிட்டால் வென்றதாகும். நோய்ப்புலியை அடைக்க மக்கள் நெருங்காமல் விலகி நின்ற காலத்தில், இந்த ஆட்டம் தலைகீழாகத் தோன்றியதுண்டு.

இளைஞர் கைப்பேசியில் லூடோ ஆடினார்கள் என்று முதியோர் குறைகூறினர். குறை பாதிதான் நியாயம். பச்சிசி என்னும் இந்திய ஆட்டமே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் லூடோவாக உருமாறியது. தாயத்துக்கு அது பங்காளி முறை. மேலும், திருப்பத்தூரில் அகப்பட்டுக்கொண்ட அத்தையும் சாம்பியன் ரீஃபில் இருக்கும் மருமகனும் ஒரே களத்தில் காய் நகர்த்த வேறு வழி ஏது?

இந்த ஆட்டங்கள் தமிழர்க்கே உரியவை என்று நாம் உரிமை பேசுவதற்கில்லை. லைனில் அடுத்த வீட்டுக் கன்னடக்காரர்க்குப் பல்லாங்குழி அளகுளி மணெ. எதிர்வீட்டுத் தெலுங்கர்க்கு அதுவே வாமன குண்டலு. 2020 ஜூன் 28ஆம் நாள் ‘மனத்தின் குரல்’ வானொலி உரையில் பிரதமர் இம்மூன்று பெயர்களையும் அடுத்தடுத்துச் சொன்னார். முன்னோர் ஆடிய வீட்டு ஆட்டங்களை மறவாதிருக்கும்படி இளையோரையும் கேட்டுக்கொண்டார். மூன்று மொழியும் ஒரு தெருவில் வழங்கும் கோலார்ச் சீமையில் அந்தச் செய்தி புதிதன்று. ஆயினும் வானொலியில் தம் வீட்டு ஆட்டத்தின் பெயரைக் கேட்டவர்க்கு ஒரு நிமிர்வு உண்டாயிற்று.

சிக்கல் விதிகளில்தான் எழுந்தது. வேலூர்ப் பாட்டி சொன்ன முறை வேறு, சேலத்துப் பாட்டி சொன்ன முறை வேறு. ஊருக்குத் தொலைபேசியில் கேட்டால் மூன்றாவது முறை ஒன்று வரும். நம் வீட்டில் இப்பூசல் தாங்காமல், பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினோம். ரயில்கள் மீண்டும் ஓடத் தொடங்கி, ஆட ஆளில்லாமற் போன பின்னரும் அத்தாள் சுவரிலேயே இருக்கிறது. ஒரு விதிக்கு மட்டும் அதில் இடம் வெறுமையாக விடப்பட்டுள்ளது. தன் குழியில் பசு விழுந்ததை ஒருவர் கவனியாமல் விட்டால் எதிராளி அதை எடுத்துக்கொள்ளலாமா, கூடாதா என்பதில் இன்றளவும் உடன்பாடு ஏற்படவில்லை.