தட்டி வந்தவர்களும் தொட்டுப் பார்த்தவர்களும்

மும்பைத் தமிழர் வரலாறு என்று பேச்செடுத்தாலே மூன்று விஷயங்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும். தாராவித் தோல், மாட்டுங்கா இட்லி, 1960களின் சிவசேனை. மூன்றும் சரிதான். ஆனால் நாலாவதாகச் சேர்க்க வேண்டிய ஒன்றை யாரும் சொல்வதில்லை என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு குறை. அது தட்டச்சுப்பொறி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பொட்டி தட்டுகிற ஆசாமி இல்லை. தணிக்கை, கணக்கு வழக்கு என்று செம்பூரில் பிழைப்பவன். பிராசசர் எவ்வளவு, ராம் எவ்வளவு என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு டேப்லெட் வந்தபோது யார் உடனே பழகினார்கள், யார் தடுமாறினார்கள் என்று வேடிக்கை பார்த்தேன். அதில்தான் பழைய வரலாறு கொஞ்சம் புரிந்தது.

சரி, ரயிலிலிருந்து ஆரம்பிப்போம். மதராஸ் ரயில்பாதையும் பம்பாய் ரயில்பாதையும் ராய்ச்சூரில் இணைந்தது 1871-ல். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆட்கள் தாராவித் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்துவிட்டார்கள். 1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. நெருக்கடியைக் குறைக்க வேண்டும் என்று 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்டை அமைத்தார்கள். அந்த டிரஸ்ட் தாதர், மாட்டுங்கா பக்கம் மனை பிரித்து வீதி போட்டது. 1920, 30களில் தஞ்சாவூர், பாலக்காட்டுப் பிள்ளைகள் அங்கே அறை எடுத்துத் தங்க ஆரம்பித்தார்கள். 1932-ல் தென்னிந்தியக் கல்விக் கழகம் பள்ளிக்கூடம் தொடங்கியது. 1940-ல் கஃபே மெட்ராஸ் வந்தது. 1952-ல் ஷண்முகானந்தா சபா.

தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடந்தே போய்விடலாம். ஆனால் இரண்டு இடத்துத் தமிழர்களும் வேறு வேறு கைகளோடு வந்தவர்கள். ஒரு கை தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, காயவைக்கும் கை. இன்னொன்று, ஊரில் ஏதோ ஒரு மாடியறை இன்ஸ்டிட்யூட்டில் 'ஏ எஸ் டி எஃப்' என்று மாதக்கணக்கில் ஒரே வரியை அடித்துப் பழகிய கை. சாதி, நிலம், படிப்பு, இங்கிலீஷ் எல்லாம் சேர்ந்துதான் எந்தக் கை எந்த வேலைக்கு என்று தீர்மானித்தது. அதை மறைத்துவிட்டு மும்பைத் தமிழர் வரலாறு எழுதக்கூடாது.

தட்டச்சு கற்றவர்களுக்குத் தெரியும். அது மூளையைவிடக் கைக்குத்தான் பாடம். விசைப்பலகையைப் பார்க்கக்கூடாது. சுண்டுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் தனித்தனி வேலை. வரி முடியப் போகிறது என்று மணி அடித்தால் இடது கை தானாகப் போய் நெம்புகோலைத் தள்ள வேண்டும். லோயர், ஹையர், கூடவே பிட்மன் சுருக்கெழுத்து. சான்றிதழ் கையில் இருந்தால் பம்பாய்க்கு ரயில் ஏறிவிடலாம். கோட்டைப் பகுதி அலுவலகங்களில் தட்டச்சர் வேலை, ஸ்டெனோ வேலை ஏதாவது ஒன்று கிடைக்கும் என்ற நம்பிக்கை. என் மாமனார் அப்படி 1962-ல் வந்தவர். வயது 19. ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு சான்றிதழ்.

அந்தத் திறமையே பிறகு வினையானது. 1960-ல் ஆரம்பித்த 'மார்மிக்' வாரப்பத்திரிகை, நிறுவனங்களில் இருந்த தென்னிந்தியர் பெயர்களைப் பட்டியல் போட்டது. 1966 ஜூனில் சிவசேனை உருவானது. மண்ணின் மைந்தனுக்கு இல்லாத வேலை மதராஸிக்கு எப்படி என்ற கேள்வி தெருவுக்கு வந்தது. அந்த ஆண்டுகளில் மாமனார் லோக்கல் ரயிலில் தமிழ்ப் பத்திரிகையை இங்கிலீஷ் பேப்பருக்குள் மடித்து வைத்துத்தான் படிப்பாராம். பத்து விரல் பழக்கம் சோறும் போட்டது, எதிரியையும் சம்பாதித்துக் கொடுத்தது.

இதில் இன்னொரு வேடிக்கை. இந்தியாவிலேயே செய்த முதல் தட்டச்சுப்பொறியும் இந்த ஊர் நிறுவனத்துடையதுதான். கோத்ரெஜ், 1955. நேரு காலத்துச் சுயசார்பின் அடையாளம். 2009-ல் அவர்கள் உற்பத்தியை நிறுத்தினார்கள். ஆனால் செய்தி உலகம் முழுக்கப் பரவியது 2011 ஏப்ரலில்தான். 'உலகின் கடைசித் தட்டச்சுத் தொழிற்சாலை மூடப்பட்டது' என்று கொஞ்சம் மிகைப்படுத்தியே போட்டார்கள்.

2011-ஐ மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். ஜனவரியில் ஐபேட் இந்தியக் கடைகளுக்கு வந்தது. ஆரம்ப விலை 27,900 ரூபாய். ஏப்ரலில் தட்டச்சுப்பொறிக்கு இரங்கல் செய்தி. அக்டோபர் 5-ஆம் தேதி டெல்லியில் 'ஆகாஷ்' டேப்லெட் அறிமுகம். அரசு கொடுத்த விலை சுமார் 50 டாலர். அதே தேதியில்தான் அமெரிக்காவில் ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்தார். ஆகாஷ் திட்டம் பிறகு நம் பவாய் ஐ.ஐ.டி.யின் பொறுப்புக்கு வந்தது. திருத்திய மாடலை 2012 நவம்பரில் ஜனாதிபதி பிரணாப் முகர்ஜி வெளியிட்டார். முதல் ஆகாஷை எல்லோரும் கிண்டல் அடித்தார்கள். திரையை அழுத்தி அழுத்தித் தேய்க்க வேண்டியிருக்கிறது என்று. அந்த அழுத்தும் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

எங்கள் வீட்டுக்கு டேப்லெட் வந்தது 2014 தீபாவளிக்கு. மைத்துனர் வாங்கிக் கொடுத்த ஆண்ட்ராய்டு. மாமனாருக்குத்தான் என்று சொல்லிக் கொடுத்தார். வீட்டில் இயந்திரம் தெரிந்தவர் அவர்தானே! மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதுகு நேராக, மணிக்கட்டு தூக்கி, எட்டு விரலையும் நடு வரிசையில் வைத்தார். தட்டச்சர் அப்படித்தானே வைப்பார். ஆனால் தொடுதிரைக்கு ஓய்வெடுக்கும் விரலும் அடிக்கும் விரலும் ஒன்றுதான். திரை முழுக்க ஏஏஏஎஸ்எஸ்டிடி என்று ஓடியது.

"மாப்ளே, இதுல விரலை எங்க வைக்கிறது?" என்றார்.

"எங்கயும் வைக்கக்கூடாது மாமா. ஒத்த விரலால தொடணும்."

"ஒத்த விரலாலயா? அப்படி அடிச்சா எங்க சார் ஸ்கேலால போடுவார்!"

இரண்டு வாரம் முயன்றார். பார்க்காமல் அடிக்கத்தான் விசையில் மேடு பள்ளம் இருந்தது. கண்ணாடியில் ஏது மேடு? நிமிடத்துக்கு 60 வார்த்தை அடித்த மனிதர் ஒரு மின்னஞ்சலுக்கு அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு அதை மெதுவாக ஓரம் வைத்துவிட்டார். கோபமெல்லாம் இல்லை. "இது படிக்கிற மெஷின், எழுதற மெஷின் இல்ல" என்று தீர்ப்பு மட்டும் சொன்னார்.

ஓரம் வைத்ததை எடுத்தது என் மாமியார். ஐந்தாம் வகுப்பு. தட்டச்சுப்பொறியின் உறையைத் தூசி தட்டியதோடு சரி, விசையைத் தொட்டதில்லை. மாட்டுங்காவின் முழு தட்டச்சு யுகத்தையும் அடுப்படியிலிருந்து சத்தமாக மட்டுமே கேட்டவர். அவர் கை எதையும் கற்றிருக்கவில்லை, அதனால் மறக்க வேண்டியதும் ஒன்றும் இல்லை. தள்ளினால் நகர்கிறது, இரண்டு விரலால் விரித்தால் பெரிதாகிறது. கோலப்புள்ளியில் விரல் ஓட்டியவருக்கு இதெல்லாம் ஒரு வித்தையா? மூன்றாம் நாள் பழைய கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் எழுத? அதுதான் சிக்கல். இங்கே தமிழ் எழுத்துக்குப் பின்னால் இருக்கும் பெரிய உழைப்பைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் 1886-ல் பிறந்து, பிழைப்புக்காக மலேயா, சிங்கப்பூர் என்று போன இரா. முத்தையாதான் தமிழ்த் தட்டச்சுக்கு விசைப்பலகை அமைத்துக் கொடுத்தவர். புள்ளி வைக்கும்போது உருளை நகரக்கூடாது. அதற்காக நகராத விசை என்று ஏற்பாடு செய்தார். நம்மைப் போலவே ஊரைவிட்டுப் பிழைக்கப் போனவர் அவரும். ஆனால் பம்பாய் அலுவலகங்களில் அடித்ததெல்லாம் இங்கிலீஷ். தமிழ் என்றால் இன்லண்டு லெட்டரில் கையால் எழுதுவதுதான். எழுதத் தெரியாதவர்களுக்கு, எழுதத் தெரிந்த யாராவது எழுதிக் கொடுப்பார்கள்.

பிறகு 1999-ல் சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழ் 99 விசைப்பலகை வந்தது. 2005-ல் மலேசியாவின் முத்து நெடுமாறன் செல்பேசிக்குச் செல்லினம் கொண்டுவந்தார். 2013-ல் ஆப்பிள் கருவிகளிலேயே தமிழ் விசைப்பலகை சேர்ந்தது. ஆரம்பகால ஆண்ட்ராய்டு பலவற்றில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இத்தனையும் தாண்டித்தான் தமிழ் அந்தத் திரைக்கு வந்து சேர்ந்தது.

இருந்தாலும் மாமியாருக்கு எந்த விசைப்பலகையும் ஒத்துவரவில்லை. 'கௌ' எங்கே, 'ஞ' எங்கே என்று தேடியே அலுத்துப்போனார். 2015 ஏப்ரலில் கூகுள், திரையில் விரலால் எழுதினால் புரிந்துகொள்ளும் செயலி ஒன்றை 80-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு வெளியிட்டது. அதைப் போட்டுக் கொடுத்தோம். சுட்டுவிரலால் பெரிதாக 'அ' போட்டார். கீழே அச்செழுத்தில் 'அ' வந்தது. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "இது சிலேட்டு தானே! இதைப் போய் கம்ப்யூட்டர்ங்கறீங்க" என்றார். பலகைக் கணினி என்று நம் ஆட்கள் பெயர் வைத்தது எவ்வளவு பொருத்தம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது :-)

அந்த வாரம் திருச்சியில் இருக்கும் தன் தங்கைக்கு நாலு வரி எழுதி அனுப்பினார். ஐம்பது வருடத் தாம்பத்தியத்தில் மாமாவைக் கேட்காமல், யாரிடமும் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லாமல், அவர் தானே எழுதித் தானே அனுப்பிய முதல் கடிதம் அது.

இதோடு நிறுத்திவிட்டால் கதை சுபம். ஆனால் தாராவி அண்ணாச்சியைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான். அவர் தோல் பை, பெல்ட் செய்பவர். கணக்கு விஷயமாக எனக்குப் பழக்கம். வாடிக்கையாளருக்கு மாடல் காட்டலாம் என்று டேப்லெட் வாங்கினார். அவர் தொட்டால் பல நேரம் திரை அசையாது. பக்கத்திலிருக்கும் பொடியன் தொட்டால் ஓடும். "மெஷினுக்கு என்னையத் தெரியல தம்பி" என்றார் சிரித்துக்கொண்டே. விசாரித்தபோதுதான் காரணம் புரிந்தது. இன்றைய தொடுதிரை அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. விரலின் ஈரத்தோல் வழியாக ஏற்படும் மிகச் சிறிய மின்மாற்றத்தைப் பார்க்கிறது. காய்த்துப்போய், பசை காய்ந்து படிந்த விரலை அது சில சமயம் விரலாகவே எடுத்துக்கொள்வதில்லை. எல்லோரும் கிண்டல் அடித்த முதல் ஆகாஷின் திரை அழுத்தத்துக்கு வேலை செய்யும் ரகம். நகம், பேனா மூடி, காய்த்த விரல் எதுவானாலும் சரி, அழுத்தினால் போதும். அண்ணாச்சி கைக்கு அந்த மட்டமான திரைதான் மரியாதை கொடுத்திருக்கும்.

ஆக, கருவி எல்லோருக்கும் பொது என்று சொல்வது அவ்வளவு சரியில்லை. ஒவ்வொரு இயந்திரமும் தனக்கு ஏற்ற ஒரு கையைக் கேட்கிறது. தட்டச்சுப்பொறி பழக்கப்பட்ட கையைக் கேட்டது. டேப்லெட் மென்மையான கையைக் கேட்கிறது. அடுப்படியில் இருந்தவர்களில் சிலருக்குக் கதவு திறந்தது. தொழிற்கூடத்தில் இருந்தவருக்குப் பாதிதான் திறந்தது.

2017 ஆகஸ்டில் இரண்டு விஷயங்கள் நடந்தன. மகாராஷ்டிர அரசின் தட்டச்சுத் தேர்வு கடைசித் தடவையாகத் தட்டச்சுப்பொறியில் நடந்து, பிறகு முழுக்கக் கணினிக்குப் போனது. அதே மாதம் கூகுள், பேசினால் எழுதும் வசதியைத் தமிழுக்கும் கொண்டுவந்தது. அண்ணாச்சிக்கு இதுதான் கைகொடுத்தது. இப்போது ஆர்டர் எல்லாம் வாய்வழிதான். நெல்லைத் தமிழில் சொல்கிறார், அது ஏறக்குறைய சரியாக எழுதிவிடுகிறது.

மாமா 2019-ல் காலமானார். அவருடைய சான்றிதழ் இரண்டும் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கின்றன. மாமியார் இன்னும் சிலேட்டில் எழுதுகிறார். 1960களின் மாட்டுங்கா, தண்ணீர் பிடித்தது, சபாவுக்கு நடந்து போனது, 1966-ல் பயந்தது என்று பத்துப் பத்து வரியாக. எனக்கு ஒரே கவலைதான். அவருடைய பேரப்பிள்ளைகள் நால்வருக்கும் தமிழ் பேச வரும். படிக்க வருவது ஒருத்திக்கு மட்டும்தான். பாட்டி எழுதியதைக் கருவியே வாசித்துக் காட்டும் என்கிறார்கள். காட்டட்டும். ஆனாலும் ஞாயிறு காலை அரைமணி நேரம் அதே பலகையில் 'அ' போட வைக்கிறோம், பாட்டி பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார்.

உங்கள் வீட்டிலும் தட்டச்சுச் சான்றிதழோடு வந்த ஒரு தாத்தா இருந்திருப்பார், சத்தத்தை மட்டும் கேட்ட ஒரு பாட்டி இருப்பார். அவர் கையில் ஒரு பலகையைக் கொடுத்து, அந்த வருடங்களை எழுதச் சொல்லிப் பாருங்களேன்.