சக்கரத்தின் மேல் ஒரு வீடு

வீடு ஓரிடத்தில் ஊன்றி நிற்பது. வண்டி ஊர்விட்டு ஊர் செல்வது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கும் ஆசை மனிதனுக்குப் புதிதன்று. கூண்டு கட்டிய மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்து, கட்டுச்சோற்று மூட்டையோடு திருவிழாவுக்குப் புறப்பட்ட நம் முன்னோர் அவ்வாசையை நன்கு அறிந்தவர்கள். இரவில் மரத்தடியில் மாட்டை அவிழ்த்துவிட்டால் அதுவே வீடு. விடியலில் பூட்டினால் மீண்டும் அதுவே வண்டி. இருபதாம் நூற்றாண்டில் மாட்டின் இடத்தை இயந்திரம் பிடித்துக்கொண்டபோது அப்பழைய ஆசை புதிய வடிவெடுத்தது. சரக்கு ஏற்றப் பிறந்த வேன், மனிதர் உறங்கும் இல்லமாயிற்று.

இம்மாற்றத்தின் தொடக்கத்தைக் காண, போரில் தோற்று இடிபாடுகளுக்கிடையே கிடந்த ஜெர்மனிக்குச் செல்லவேண்டும். வோல்ஃப்ஸ்பர்க் நகரிலிருந்த வோக்ஸ்வேகன் ஆலை அப்போது பிரிட்டிஷ் இராணுவத்தின் பொறுப்பில் இருந்தது. கார்களை வாங்க அங்கு வந்த பென் பொன் என்னும் டச்சு வணிகர், ஆலைக்குள் பொருள்களை இழுத்துச்செல்ல ஊழியர்கள் ஒட்டுப்போட்டுச் செய்திருந்த ஒரு தட்டு வண்டியைக் கண்டார். 1947 ஏப்ரல் 23ஆம் நாள் தம் குறிப்பேட்டில் ஒரு படம் வரைந்தார். முன்னே ஓட்டுநர், பின்னே இயந்திரம், இடையே பெரும் பெட்டி, அவ்வளவே அப்படம். 1950 மார்ச் மாதம் அந்தப் படம் வண்டியாகி ஆலையிலிருந்து வெளிவரத் தொடங்கியது. அதன் இயந்திரத்தின் ஆற்றல் 25 குதிரைத்திறன் மட்டுமே. ஆயினும் சரக்கின் சுமை இரண்டு அச்சுகளுக்கும் நடுவே விழுந்ததால், வெறுமையாய் ஓடினாலும் நிறைந்து ஓடினாலும் வண்டி நிலைகுலையவில்லை. ரொட்டிக் கடைக்காரரும் தச்சரும் வண்ணம் பூசுவோரும் அதனை வாங்கினர்.

அந்த வெற்றுப் பெட்டியை வீடாக்கிக் காட்டிய பெருமை வெஸ்ட்ஃபாலியா நிறுவனத்தைச் சேரும். 1844ஆம் ஆண்டில் ஒரு கொல்லன் பட்டறையாகத் தொடங்கி, குதிரை வண்டிகளும் பின்னர் இழுவை வண்டிகளும் செய்துவந்த நிறுவனம் அது. 1951ஆம் ஆண்டில் அது 'முகாம் பெட்டி' ஒன்றைச் செய்தது. படுக்கையாக விரியும் மெத்தைகளும், துணிமணிக்கும் சமையலுக்கும் உரிய மர அலமாரிகளும் அதில் அடங்கியிருந்தன. அதனைக் கழற்றவும் மாட்டவும் இயலும் என்பதே அதன் சிறப்பு. வார நாள்களில் வேன் சரக்குச் சுமந்து சோறு போட்டது. வார இறுதியில் அப்பெட்டியை உள்ளே ஏற்றிக் குடும்பம் ஏரிக்கரைக்குப் புறப்பட்டது. ஓய்வுக்கென்று தனியாக ஒரு வாகனம் வாங்க வழியற்ற உழைப்பாளிக்கு, உழைப்பின் கருவியே ஓய்வின் கருவியாயிற்று.

அதே காலத்தில் இங்கிலாந்திலும் இம்முயற்சி வேரூன்றியது. ஃபோக்ஸ்டன் என்னும் கடற்கரை நகரில் வாகனக் கூடு கட்டும் தொழிலில் இருந்த மார்ட்டின் வால்டர் நிறுவனம், பெட்ஃபோர்ட் வேனை மாற்றி 'டோர்மோபில்' என்னும் வண்டியை 1950களின் தொடக்கத்தில் உருவாக்கியது. உறங்கும் கூடம் என்ற சொல்லும் உந்து வண்டி என்ற சொல்லும் இணைந்து பிறந்த பெயர் அது. வேனுக்குள் வாழ முயன்றோர் அனைவருக்கும் ஒரு தொல்லை இருந்தது: நிமிர்ந்து நிற்க முடியவில்லை. கூரையை நிரந்தரமாக உயர்த்தினால் காற்று எதிர்க்கும்; வண்டி ஆடும். இதற்கு விடையாக வந்ததே எழும்பும் கூரை. கூரையை ஒரு பக்கம் கீலில் பொருத்தி, மறுபக்கம் தூக்கினால், கோடு போட்ட கித்தான் துணி விரிந்து சுவராகும். ஓடும்போது தாழ்ந்தும் நிற்கும்போது உயர்ந்தும் இருக்கும் அக்கூரையால் 'டோர்மோபில்' என்ற பெயரே இத்தகைய வண்டிகளுக்கெல்லாம் பொதுப்பெயராகப் பிரிட்டனில் வழங்கலாயிற்று.

வண்டியை மாற்றியமைப்பது தச்சுவேலை மட்டுமன்று என்பதையும் இத்தொழிலாளர் விரைவில் உணர்ந்தனர். தண்ணீர்க் கலம் போன்ற பளுவான பொருள்கள் தாழ்வாக இருத்தல் வேண்டும். இடவலப் பாரம் சமமாதல் வேண்டும். இன்றேல் வளைவில் வண்டி சாயும். மூடிய பெட்டிக்குள் இருவர் உறங்கினால் அவர்தம் மூச்சின் ஈரமே விடியலில் தகட்டின்மேல் நீராய் வழியும். அடுப்பு எரியும் இடத்தில் காற்றோட்டம் இல்லையேல் உயிருக்கே ஆபத்து. வீடு கட்டுவோர் அறியாத கணக்குகள் இவை.

நல்ல சாலையில் ஓடும் வீடு ஒருபுறமிருக்க, சாலையே இல்லாத இடத்தில் ஓட்டிப் பார்த்தவர்களும் உண்டு. அவர்தம் கதை சிங்கப்பூருடன் தொடர்புடையது. 1955 செப்டம்பர் முதல் நாள், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் இரண்டு லேண்ட் ரோவர் வண்டிகளில் லண்டனிலிருந்து புறப்பட்டனர். தொலைவழிப் பயணத்திற்கென அவ்வண்டிகள் மாற்றியமைக்கப்பட்டிருந்தன. கூரைமீது பொருள்தட்டும், சேற்றில் சிக்கினால் இழுத்து மீட்க முன்புறம் வடம் சுற்றும் உருளையும் பொருத்தப்பட்டிருந்தன. அஸ்ஸாமிலிருந்து பர்மாவுக்குள் நுழைய அவர்கள் நம்பியது, உலகப் போரின்போது பல்லாயிரவர் உழைப்பில் வெட்டப்பட்ட லெடோ சாலையை. போர் முடிந்து பத்தாண்டுகளில் காடு அச்சாலையைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தது. பாலங்கள் வெள்ளத்தில் போயிருந்தன. அதையும் கடந்து, தாய்லாந்து, மலாயா வழியே 1956 மார்ச் 6ஆம் நாள் அவர்கள் சிங்கப்பூர் வந்தடைந்தனர். ஆறு மாதமும் ஆறு நாளும் ஆகியிருந்தன. அவர்களுள் ஒருவரான டிம் ஸ்லெசர் இப்பயணத்தை நூலாக எழுதினார். 2019ஆம் ஆண்டில், அவ்விரு வண்டிகளுள் ஒன்று பழுதுபார்க்கப்பட்டுச் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் திரும்ப ஓட்டிச் செல்லப்பட்டது. முதுமையில் உடல்நலங் குன்றிய ஸ்லெசருக்குப் பதிலாக அவர்தம் பேரன் அதில் சென்றார்.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஐரோப்பிய இளைஞர் பலர் பழைய வேன்களை வாங்கி, பலகையடித்துப் படுக்கை செய்து, இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல், லாகூர் வழியாக டில்லிக்கும் காத்மண்டுவுக்கும் வந்தனர். 1979ஆம் ஆண்டில் ஈரானில் புரட்சி எழுந்தது. அவ்வாண்டின் இறுதியில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் புகுந்தன. வழி அடைபட்டது. வண்டி எத்துணை வலிமையுடையதாயினும், எல்லைக் கதவு திறந்திருந்தால்தான் சக்கரம் உருளும் என்பதை அவ்வாண்டு உலகுக்குக் காட்டியது.

வண்டியின் வலிமையோ வளர்ந்துகொண்டே வந்தது. வோக்ஸ்வேகன் பொறியியலாளர் குஸ்தாவ் மாயரும் அவர்தம் தோழரும் எழுபதுகளில் நான்கு சக்கரங்களும் இயங்கும் வேன்களை உருவாக்கிச் சகாரா மணலில் ஓட்டிச் சோதித்தனர். அம்முயற்சியின் பயனாக 1985இல் 'சிங்க்ரோ' என்னும் வேன் வெளிவந்தது. பின்சக்கரம் வழுக்கும்போது, பாகுபோன்ற திரவம் நிறைந்த ஓர் இணைப்பு இறுகி, ஓட்டுநர் எதுவும் செய்யாமலே முன்சக்கரங்களுக்கு ஆற்றலைச் செலுத்தும். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் அவ்வண்டிகள் பூட்டப்பட்டன. வீடு மலையேறவும் மணலைக் கடக்கவும் கற்றுக்கொண்டது.

பழைய வடிவ வேன் 2013இல் பிரேசிலில் தன் இறுதி மூச்சை விட்டது. ஆனால் வேனை வீடாக்கும் வேலை நிற்கவில்லை. சரக்கு வேன் ஒன்றை வாங்கி, தாமே காப்புப் பஞ்சு ஒட்டி, மின்கலமும் சூரியத் தகடும் பொருத்துவோர் இன்று பல நாடுகளில் உளர்.

இங்கே ஒரு முரண் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. 2008ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் அமெரிக்காவில் வீட்டை இழந்த முதியோர் பலர், வேன்களையே இல்லமாக்கிக்கொண்டு, அறுவடை எங்கே, பண்டசாலை வேலை எங்கே என்று ஊர் ஊராகச் சென்றனர். அவர்தம் வாழ்வை ஜெசிகா புரூடர் என்னும் எழுத்தாளர் 2017இல் நூலாக்கினார். அதே மடக்குப் படுக்கை, அதே சிற்றடுப்பு. ஆனால் ஒருவருக்கு அது விடுமுறை. மற்றவருக்கு அது வேறு வழியின்மை.

வெஸ்ட்ஃபாலியா செய்த முதற்பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் போய் உறங்க, அக்குடும்பத்துக்கு ஒரு வீடு இருந்தது. திருவிழா முடிந்து திரும்பிய மாட்டு வண்டிக்கும் ஒரு வாசல் காத்திருந்தது. திரும்பிவர ஓரிடம் உள்ளவனுக்கே பயணம் இன்பமாகிறது. சக்கரத்தின் மேல் வீடு கட்டத் தெரிந்துகொண்ட மனித இனம், மண்ணின் மேல் எல்லார்க்கும் ஒரு வீடு கட்டும் வகையையும் தெரிந்துகொள்ளுமாயின், அவ்வண்டிகள் மீண்டும் மகிழ்ச்சிக்காகவே ஓடும்.