முழங்கால் வலியும் நம்ம ஊர்த் தண்ணீரும்



போன வாரம் மூட்டு வலி என்று இரண்டு வரி எழுதியதற்கு, "என்ன சார், உங்களுக்குமா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். வயது 68 ஆகிறது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அது பெரிய செய்தியில்லை. ஆனால் நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் மூட்டு வலிக்கு ஒரு தனி வரலாறு உண்டு. வரலாறு நடத்தியவன் என்பதால் சொல்கிறேன்.

1983-ல் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். நிறையப் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை. ஒரு பையனை எழுப்பி, "பல் தேய்க்காம வரலாமாடா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். "தினமும் தேய்க்கறேன் சார்" என்றான். நம்பவில்லை. வெளியே நிறுத்தினேன். மறுநாள் அவன் தாத்தா வந்தார். முதுகு வளையவில்லை, முழங்கால் மடங்கவில்லை. நாற்காலி போட்டும் உட்கார முடியாமல் நின்றுகொண்டே பேசினார். பேரன் பல்லுக்கும் தாத்தா முழங்காலுக்கும் ஒரே காரணம் என்று எனக்குத் தெரிய வெகுகாலம் ஆனது.

காரணம் ஃபுளோரைடு. நம் கருங்கல் பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வருவது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் கெடுதல். பல் உருவாகும் வயதில் குடித்தால் கறை. பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிவிடும். தண்ணீரைக் காய்ச்சினாலும் இது போகாது.

இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானது 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில். 1970களில் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள், இதே தண்ணீரால் சிறுவர்களுக்கு முழங்கால்கள் உள்நோக்கி வளைவதை ஆந்திரக் கிராமங்களில் கண்டு எழுதினார்கள்.

நமக்கு விடிவு காவிரியிலிருந்து வந்தது. 1998-ல் கர்நாடகம் ஒப்புக்கொண்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு, 2008 பிப்ரவரியில் கலைஞர் அடிக்கல் நாட்டினார். உடனே எல்லையில் கொந்தளிப்பு. ஓசூர்க்காரர்களுக்கு அந்த நாட்கள் மறக்காது. கர்நாடகத் தேர்தல் முடியும்வரை திட்டத்தைத் தள்ளி வைத்தார்கள். பிறகு ஜப்பான் கடனுதவியில் வேலை நடந்து, 2013-ல் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அந்தத் திட்டத்தின் பெயரிலேயே 'ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு' என்று இருக்கிறது. அன்று அரசியல் பேசிய அளவுக்கு அந்தச் சொல்லை யாரும் பேசவில்லை.

என் வலி அந்த வகை அல்ல, வயதுத் தேய்மானம் என்றார் டாக்டர். முழங்காலோடு கழுத்தும் முதுகும் சேர்ந்து இறுகினால், நெடுநாள் போர் தண்ணீர் குடித்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இறுகிய மூட்டு பழையபடி ஆகாது. ஆனால் தண்ணீரை மாற்றினால் மேலும் முற்றுவதைத் தடுக்கலாம். போர் தண்ணீரைக் குடிப்பவர்கள் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

தேய்மானத்துக்கு எனக்குச் சொன்னது எளிது. ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ சுமை குறையும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணி இறக்குவது தொடைக்கு வலு. வலிக்கிறதே என்று நடையை நிறுத்தக் கூடாது. மருந்துக் கடையில் நாமே வலி மாத்திரை வாங்கித் தொடர்ந்து விழுங்கினால் சிறுநீரகம் கெடும். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முழுக்க நிற்பவர்களே, இடையிடையே உட்காருங்கள். நின்று வேலை செய்வோருக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று 1948-ன் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது.

அன்று வெளியே நின்ற அந்தப் பையன் இதைப் படித்தால்: தம்பி, நீ பல் தேய்த்துவிட்டுத்தான் வந்தாய். தப்பு என்மேல். மன்னித்துவிடு.