சிரிக்காத வாத்தியார்

1972-ல் எழுத்தராக வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதம், முதன்முதலாக ஆங்கிலத்தில் விடுப்புக் கடிதம் எழுதினேன். "ஐ டிமாண்ட் டூ டேஸ் லீவ்" என்று தொடங்கியிருந்தேன். பிரெஞ்சில் 'தெமாந்தே' என்றால் கேட்பது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அது அதட்டிக் கேட்பது என்று எனக்குத் தெரியாது. மேலதிகாரி கடிதத்தை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துவிட்டு, "ஏன் தம்பி, லீவ் கேக்கறியா, கெடு வைக்கிறியா?" என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு.

புதுச்சேரியில் என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைந்தோம். பிரெஞ்சு மீடியத்தில் பிரெவே வரை படித்த என்னைப் போன்றவர்கள் வேலைக்குப் போனபோது, மேசையில் இருந்த கோப்பெல்லாம் ஆங்கிலம். 'இன்ஃபர்மேஷன்' என்பதை 'அன்ஃபொர்மாசியோன்' என்று வாசித்து இன்னொரு நாளும் சிரிப்புக்கு ஆளானேன். அதன்பிறகு மனிதர் முன்னால் ஆங்கிலத்தில் வாய் திறக்கவே கூசியது.

என்னைக் கரையேற்றியது ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ. இன்று பிள்ளைகள் செல்போனில் வீடியோ பார்த்து ஆங்கிலம் கற்கிறார்கள். என் டிரான்சிஸ்டருக்கும் இவர்கள் செல்போனுக்கும் உறவு உண்டா என்று தேடிப் படித்தேன். உண்டு. பழைய உறவு.

எடிசன் 1877-ல் போனோகிராஃபைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே அந்தக் கருவி எதற்கெல்லாம் பயன்படும் என்று ஒரு பட்டியல் எழுதினார். பேச்சுப் பயிற்சி, உச்சரிப்பு, பாடம் கற்பிப்பது எல்லாம் அதில் இருந்தன. 1901-ல் லண்டனில் ஜாக் ரோஸ்டன் என்பவர் லிங்குவாஃபோன் நிறுவனத்தைத் தொடங்கினார். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதே பாடத்தை ஒலிப்பதிவில் கேட்பதுதான் அவர் முறை. பிரெஞ்சுக்காரர்களுக்கு 1929-ல் அல்ஃபோன்ஸ் ஷெரேல் 'ஆங்கிலம் சிரமமின்றி' என்று பொருள்படும் புத்தகத்தை வெளியிட்டார். அசிமில் என்ற பெயரில் அந்த வரிசை இன்றும் வருகிறது. எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீட்டு அலமாரியில் அந்தப் புத்தகம் இருந்தது. நானும் இரவல் வாங்கிப் படித்தேன். கண்ணுக்குப் புரிந்தது, காதுக்கு ஒன்றும் வரவில்லை.

காதுக்கு வந்தது ரேடியோவில்தான். பி.பி.சி. 1943-ல், உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோதே, வானொலி வழியாக ஆங்கிலப் பாடம் தொடங்கியது. அமெரிக்காவின் குரல் வானொலி 1959 அக்டோபர் 19-ல் 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' என்ற ஒலிபரப்பை ஆரம்பித்தது. சுமார் 1,500 சொற்கள்தான். வாக்கியங்கள் சின்னச் சின்னதாக இருக்கும். அறிவிப்பாளர் வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் நிறுத்தி நிறுத்திப் படிப்பார். நான் பிடித்துக்கொண்டது இதைத்தான். இரவில் சிற்றலை இரைச்சலுக்கு நடுவே காதைப் பொத்தினாற்போல் வைத்துக் கேட்பேன். கூடவே முணுமுணுப்பேன். நான் எத்தனை தவறாகச் சொன்னாலும் அந்தப் பெட்டி சிரிக்காது. எனக்கு வாய்த்த சிரிக்காத வாத்தியார் அது.

ஆனால் அந்த வாத்தியாரிடம் "இன்னொரு தரம் சொல்லுங்க ஐயா" என்று கேட்க முடியாது. போன வாக்கியம் போனதுதான். அந்தக் குறையைத் தீர்த்தது கேசட். ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் அதை அறிமுகப்படுத்தியது, நம் வீடுகளுக்கு டேப் ரெக்கார்டர் வந்து சேரச் சில காலம் ஆனது. பின்னால் சுற்றி ஒரே வாக்கியத்தைப் பத்து முறை கேட்கலாம். நம் குரலையே பதிவு செய்து கேட்கவும் செய்யலாம். என் குரலை நான் முதன்முதலில் அப்படிக் கேட்டபோதுதான், ஹாலில் ஏன் சிரித்தார்கள் என்று புரிந்தது.

அடுத்தது படம். பி.பி.சி. 1979-ல் 'ஃபாலோ மீ' என்ற தொலைக்காட்சிப் பாடத்தைத் தயாரித்தது. 1982 முதல் சீனத் தொலைக்காட்சியில் அது வந்தபோது பெரும் வரவேற்பு. காரணம் எளிது. கடைக்காரரிடம் விலை கேட்பவரின் முகம் தெரிகிறது, கை அசைவு தெரிகிறது. சொல் புரியாவிட்டாலும் சங்கதி புரிந்துவிடும். சங்கதி புரிந்தால் சொல் தானாக ஒட்டிக்கொள்ளும்.

2005-ல் யூட்யூப் வந்தது. புதிதாக ஏதோ வந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் பழையவை எல்லாம் ஒரே இடத்தில் கூடின. பின்னால் சுற்றுவது கேசட்டிலிருந்து வந்தது, முகமும் கையும் தொலைக்காட்சியிலிருந்து வந்தன. வேகத்தைக் குறைத்துக் கேட்கும் வசதியைப் பார்த்தால் எனக்குப் பழைய ஸ்பெஷல் இங்கிலீஷ் ஞாபகம். பேசுவது எழுத்தாகக் கீழே ஓடுகிறதே, அது ரோஸ்டன் புத்தகம்தான். 2009-ல் யூட்யூப் அந்த எழுத்தைத் தானாகவே உருவாக்கத் தொடங்கியது. அந்த வேலையில் முன்னின்றவர் கென் ஹாரன்ஸ்டீன் என்ற கூகுள் பொறியாளர், காது கேளாதவர். தன்னைப் போன்றவர்களுக்காக அவர் செய்தது, ஆங்கிலம் காதில் பிடிபடாத நம் பிள்ளைகளுக்கும் உதவுகிறது. பெயர்களைச் சில நேரம் தப்பும் தவறுமாக எழுதும், நம்பி மோசம் போகக் கூடாது.

இவ்வளவு இருந்தும் ஒன்று குறைகிறது. அதை எனக்குக் காட்டியவள் எங்கள் தெருப் பெண் ஒருத்தி. தமிழ் மீடியத்தில் நல்ல மதிப்பெண் வாங்கி, வெளியூரில் நர்சிங் படிக்கப் போனாள். வகுப்பெல்லாம் ஆங்கிலம். மூன்றாவது மாதம் வீட்டுக்கு வந்தவள், திரும்பிப் போக மாட்டேன் என்று அழுதாள். அவள் அம்மா என்னிடம் கூட்டிவந்தார். செல்போனைப் பார்த்தேன். ஆங்கிலப் பாட வீடியோக்கள் நூற்றுக்கு மேல் சேர்த்து வைத்திருந்தாள். "எல்லாம் புரியுது தாத்தா. வாயத் தொறந்தா சிரிக்கிறாங்க" என்றாள்.

ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஹால் என் கண் முன்னால் வந்து நின்றது.

போனோகிராஃப் முதல் யூட்யூப் வரை எல்லாம் பேசுகிற கருவிகள். நாம் பேசுவதைக் கேட்க ஓர் ஆள் வேண்டுமே! அதற்கு வழி செய்தது வீடியோ அழைப்பு. 2003-ல் ஸ்கைப் வந்தது. 2009 வாக்கில் பேராசிரியர் சுகதா மித்ரா, இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் உள்ளிட்ட தன்னார்வலர்களை ஸ்கைப் மூலம் இந்தியப் பிள்ளைகளோடு பேச வைத்தார். கதை சொல்வது, பேச்சுக் கொடுப்பது, பாராட்டுவது, இவைதான் அவர்கள் வேலை. 'பாட்டிமார் மேகம்' என்று அதற்குச் செல்லப்பெயர்.

அந்த யோசனைக்கு நம் பக்கத்துக் கடலோரத்திலும் ஒரு வேர் இருக்கிறது. சுனாமி தாக்கிய காளிக்குப்பத்தில், தமிழ் மட்டுமே பேசும் பிள்ளைகளிடம் மித்ரா ஒரு கணினியை வைத்தார். அதில் இருந்தது ஆங்கிலத்தில் மூலக்கூறு உயிரியல்! ஆசிரியர் இல்லாமலே 30 சதவீத மதிப்பெண் வரை எட்டினார்கள். பிறகு, பாடம் தெரியாத ஓர் இளம்பெண்ணை அவர்களோடு இருக்கச் சொன்னார். "அடடே, இது எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று பாட்டியைப்போல் வியந்து கேட்பதுதான் அவர் வேலை. மதிப்பெண் 50-ஐத் தொட்டது. மித்ராவின் ஆய்வுகளைக் குறை சொல்லும் கல்வியாளர்களும் உண்டு. கருவி இருந்தால் ஆசிரியரே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் சிரிக்காமல் கேட்கும் ஓர் ஆள் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்தப் பெண்ணைச் சமாதானம் செய்து அனுப்பி வைத்தேன். தினமும் இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப் வீடியோவில் கூப்பிடுவாள். அன்று வார்டில் என்ன நடந்தது என்று இருபது நிமிடம் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். நான் நடுவில் திருத்துவதில்லை. முடித்த பிறகு இரண்டே தவறுகளை மட்டும் சொல்வேன். என் ஆங்கிலத்தில் இன்றைக்கும் பிரெஞ்சு வாடை அடிக்கும், அதைக் கேட்டு அவள்தான் சிரிப்பாள். சிரிக்கட்டும். இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

ஓய்வுபெற்ற நம்மிடம் நேரம் இருக்கிறது. பேரப்பிள்ளை வாங்கிக் கொடுத்த செல்போனும் இருக்கிறது. உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கும். விசாரித்துப் பாருங்கள்.