வயலில் தொடங்கி ஈறில் முடியும் இலை

ஐப்பசியில் திண்டுக்கல் அருகே அகரம் முத்தாலம்மன் திருவிழா கூடும் பருவத்தில்தான் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் புகையிலை நாற்று மண்ணில் இறங்கும். திண்டுக்கல்லுக்கும் இந்தச் செடிக்கும் பழைய உறவு. ஸ்பென்சர் கம்பெனியின் சுருட்டுத் தொழிற்சாலை இங்கே இருந்தது. 1948-ல் வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையமும் வந்தது. நான் பின்தொடர்வது சுருட்டு இலையை அல்ல, மெல்லும் இலையை.

செடி பூவெடுக்கும் முன் கொழுந்தைக் கிள்ளிவிடுவார்கள். பக்கக் கிளைகளையும் ஒடித்துவிட்டால் காரம் முழுக்க இலைக்கு ஏறும். தை, மாசியில் தண்டோடு வெட்டி வெயிலில் காயவைப்பார்கள். பிறகு அம்பாரம் போட்டு, புரட்டிப் புரட்டி, சில ஊர்களில் கருப்பட்டித் தண்ணீர் தெளித்துப் பாடம் செய்வார்கள். பச்சை இலை கறுத்து, மணம் ஏறி, மண்டிக்குப் போய், பெட்டிக்கடைக்கு வந்து சேரும்.

அங்கிருந்து வாய்க்கு. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு ஒரு துண்டு இலையைக் கன்னத்தில் அதக்கினால் சுண்ணாம்பின் காரத்தன்மை நிக்கோட்டினைப் பிரித்துவிடும். அது வாயின் மெல்லிய தோல் வழியே சட்டென்று ரத்தத்தில் கலக்கும். தினமும் ஒரே இடத்தில் அதக்குவதுதான் பழக்கம். அந்த இடத்து ஈறு மெல்ல இறங்கி, பல்லின் வேர் வெளியே தெரியும். வேருக்கு எனாமல் கிடையாது. தண்ணீர் பட்டாலே கூசும்.

பல் டாக்டரிடம் வருகிறவர் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. “பிள்ளைக்குக் கல்யாணம் டாக்டர், கறையை எடுத்து வெள்ளையாக்கிடுங்க” என்றுதான் கேட்பார். நல்ல டாக்டர் முதலில் எடுப்பது மெல்லிய அளவுக் கம்பியை. அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறக்கி ஆழம் பார்ப்பார். 3 மில்லிமீட்டர் வரை பயமில்லை. 5, 6 என்று போனால் உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கிறது. அந்த ஈறின் மேல் கறையை மறைக்கப் பல்லுறை மாட்டுவது அழகு சிகிச்சையே அல்ல. ஈறு இறங்க இறங்க உறையின் விளிம்பு வெளியே தெரியும். வெளுக்கும் மருந்து வெளியே வந்த வேரை வெளுக்காது, கூச்சத்தைத்தான் கூட்டும்.

ஆகவே பல்லில் இறுகிப் படிந்த காரையை எடுக்கும் ஸ்கேலிங் முதலில், தேவைப்பட்டால் ஈறுக்குக் கீழே வேரைச் சுத்தம் செய்வது அடுத்து, சில வாரம் கழித்து மறுபடி அளவெடுப்பது, ஆழம் குறையாவிட்டால் ஈறு அறுவை. அழகு வேலை அதற்கெல்லாம் பின்னால்தான்.

“சுத்தம் பண்ணினா பல் ஆடும்” என்ற பயம் ஊரெங்கும் இருக்கிறது. எலும்பை நோய் முன்பே தின்றிருக்கும். ஆடும் பற்களை அதுவரை ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருந்தது காரை. அது போனதும் ஆட்டம் தெரிகிறது, அவ்வளவுதான். இந்தப் பயத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போட்டு, காப்பாற்றியிருக்கக்கூடிய பற்களை இழப்பவர்களை நினைத்தால் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

அதக்கிய இடத்தில் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு இருந்தால் கறையைப் பற்றிய பேச்சையே விட்டுவிட வேண்டும். மெல்லும் புகையிலை வாய்ப்புற்றுநோய் தரும் என்பது உலக அளவில் உறுதியான உண்மை. 2013-ல் தமிழக அரசு குட்காவுக்குத் தடை போட்டது. ஆனால் வெற்றிலையோடு போடும் தனி இலை நம் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர் அதக்குபவர் என்றால், ஒருமுறை வெளிச்சத்தில் அவர் வாயைத் திறந்து பாருங்கள். திட்டோ, இரண்டு வாரம் ஆறாத புண்ணோ இருந்தால் அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்கு உடனே அழைத்துப் போங்கள். பழக்கத்தை விடுவதற்கு உதவி கேட்க 1800-11-2356 என்ற தேசிய எண் இருக்கிறது, கட்டணம் இல்லை.