பழைய லிபி திரும்பிய வழி: மலையாள எழுத்துக் கோர்ப்பு நிரல்களும் சிறுபான்மை இயங்குதளங்களும்

ஸ்ரீவராகம் திருவனந்தபுரத்தின் கோட்டைப் பகுதியை ஒட்டிய பழைய குடியிருப்பு. வராகமூர்த்தி கோயிலும் அதன் பரந்த குளமும் ஊருக்கு அடையாளம். இந்தப் பெயரை மலையாளத்தில் தட்டச்சு செய்தால் கணினி 9 யூனிகோட் குறியீடுகளைச் சேமிக்கிறது. முதல் நான்கு ஶகரம், சந்திரக்கலை (நம் புள்ளி போல மெய்யைக் காட்டும் குறி), ரகரம், ஈகாரக் குறி. திரையில் இந்த நான்கும் சேர்ந்து ஒரே கூட்டாகத் தெரிய வேண்டும். ஶகரத்துக்குப் பின் தட்டிய ரகரம் தன் உருவை மாற்றிக்கொண்டு அதன் இடப்பக்கம் போய் நிற்க வேண்டும். விசைப்பலகைக்கு இந்த வேலை தெரியாது. எழுத்துருக் கோப்பு தன்னிடமுள்ள வடிவங்களையும் மாற்று விதிகளையும் மட்டுமே சொல்லும். அவற்றைப் படித்து வரிசையை மாற்றிக் கூட்டைக் கட்டித் தருவது இடையில் நிற்கும் எழுத்துக் கோர்ப்பு நிரல். அது இல்லாத இயங்குதளத்தில் ஶகரம் தனியே, சந்திரக்கலை தனியே, ரகரம் தனியே என்று ஊர்ப்பெயர் சிதறிக் கிடக்கும்.

அந்த நிரல் பெரிய நிறுவனங்களின் கவனத்துக்கு வெளியே இருந்த இயங்குதளங்களுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். இயந்திரத்துக்காக 1971இல் வெட்டப்பட்ட எழுத்து முறை கணினியில் மீண்டும் தழைத்ததற்கு, அந்தத் தளங்களின் திறந்த தன்மையே முதன்மைக் காரணம் என்பது என் துணிபு.

கேரள அரசின் லிபிச் சீர்திருத்தம் 1971 ஏப்ரல் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. தட்டச்சுப் பொறியின் விசைகளுக்குள் மலையாளம் அடங்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். மெய்யோடு ஒட்டிச் சுழிந்த உகர, ஊகாரக் குறிகள் தனியே பிரிக்கப்பட்டன. கூட்டெழுத்துகள் பல சந்திரக்கலையால் உடைக்கப்பட்டன. திருவனந்தபுரம் என்ற பெயரிலேயே இதைப் பார்க்கலாம்: பழைய லிபியில் ‘ரு’, ‘பு’ இரண்டும் ஒட்டிய வடிவங்கள், புதிய லிபியில் உகரக் குறி வலப்பக்கம் விலகி நிற்கும். தமிழில் 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ‘ணா’, ‘லை’ போன்ற எழுத்துகளைச் சீராக்கியதை நாம் அறிவோம். நம் மாற்றம் சில எழுத்துகளோடு நின்றது. மலையாளத்திலோ தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட அச்சு வடிவங்கள் கொண்ட ஒரு மரபே சுருக்கப்பட்டது.

கணினி வந்தபோது இந்தச் சுருக்கம் மேலும் இறுகியது. 8 பிட் எழுத்துருவில் மொத்தம் 256 இடங்கள்தான். பழைய லிபிக்கு அவை போதா. 1999இல் ஆர். சித்ரஜகுமாரும் கே.எச். ஹுசைனும் முன்னின்று தொடங்கிய ரசனா இயக்கம் முழு எழுத்துத் தொகுதியையும் கணினியில் மீட்க முனைந்தது. வடிவங்களைப் பல எழுத்துருக் கோப்புகளில் பிரித்து வைத்து, தனிப்பட்ட தொகுப்பான் ஒன்றின் வழியே எழுத வேண்டியிருந்தது. அதே ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் உருப்பெற்ற டாப், டாம் குறியீடுகளும் இதே தடையைச் சுற்றிப் போன வழிகள்தாம்: கோர்ப்பு நிரல் இல்லாத உலகில், கண்ணில் தெரியும் வடிவத்தையே குறியீடாக்கிவிடுவது. தமிழால் அப்படிச் சமாளிக்க முடிந்தது. மலையாளத்தால் முடியவில்லை, பழைய லிபி வேண்டுமென்றால் கோர்ப்பு நிரல் இன்றி வழியே இல்லை.

விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சேவைத் தொகுப்பு 2004இல் மலையாளத்தைக் கொண்டுவந்தது. உடன் வந்த கார்த்திகா எழுத்துரு புதிய லிபியில் இருந்தது. குறை கண்டாலும் பயனரால் விண்டோஸின் கோர்ப்பு நிரலைத் தொட முடியாது. இதற்கு முன்பே, 2001 ஜூலை 20இல், திருவனந்தபுரத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்திருந்தார். 2002இல் கோழிக்கோட்டில் முளைத்த சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு ‘என் கணினிக்கு என் மொழி’ என்ற முழக்கத்தோடு குனூ/லினக்ஸை எடுத்துக்கொண்டது. மேசைக்கணினி உலகில் அது அன்றும் சிறுபான்மைத் தளம். பூஜப்புரையிலிருந்து இயங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் அதையே கேரளப் பள்ளிகளுக்கு எடுத்துச் சென்றபோது, ஆர்வலர்களின் சிக்கல் வகுப்பறையின் சிக்கலாக மாறியது.

சிக்கலின் உடற்கூறு விரிவாகப் பார்க்கத் தக்கது. குனூ/லினக்ஸில் கோர்ப்பு நிரல் ஒன்றல்ல. க்னோம் செயலிகள் பாங்கோவை நம்பின, கே.டி.ஈ. செயலிகள் கியூட்டியின் சொந்த நிரலை நம்பின; ஓப்பன் ஆபீஸ் ஐ.பி.எம். வளர்த்த ஐ.சி.யூ. நூலகத்தை நம்பியது. ஒரே சொல் ஒரே திரையில் மூன்று விதமாகத் தெரிய வாய்ப்பிருந்தது. ஒரு பிழையை மூன்று இடங்களில் திருத்த வேண்டும். எழுத்துருக் கோப்புகள் பின்பற்றும் ஓப்பன்டைப் விதிகளும் நிலையாக இல்லை. மலையாளத்துக்கான முதல் விதிமுறையில் எழுத்துருவுக்கு ரகரமும் சந்திரக்கலையும் ஒரு வரிசையில் போய்ச் சேரும். ‘எம்எல்எம்2’ என்ற பிந்தைய விதிமுறையில் அதன் தலைகீழ். எழுத்துரு செய்தவர்கள் இரண்டுக்கும் விதி எழுத வேண்டியதாயிற்று. 2008இல் யூனிகோட் 5.1 சில்லெழுத்துகளுக்கு (உயிர் சேராமல் நிற்கும் சில மெய்களின் தனி வடிவங்களுக்கு) தனிக் குறியீடு தந்தபோது, ஒரே வடிவத்துக்கு இரண்டு குறியீட்டு வழிகள் உருவாயின. தமிழிலும் ‘ஸ்ரீ’க்கு இந்த நிலை உண்டு: 2005இல் யூனிகோட் 4.1 ஶகரத்தைச் சேர்த்த பின், ஸகரத்தில் தொடங்கும் வரிசையும் ஶகரத்தில் தொடங்கும் வரிசையும் ஒரே உருவைத் தரவேண்டியிருக்கிறது.

ஹுசைன் உருவாக்கிய ரசனா, மீரா யூனிகோட் எழுத்துருக்கள் கட்டற்ற உரிமத்தில் கிடைத்ததால் இந்தச் சிக்கல்களைத் தீர்க்கும் உழைப்பு சாத்தியமாயிற்று. எழுத்துருவும் திறந்தது, கோர்ப்பு நிரலும் திறந்தது. பிழை எந்தப் பக்கம் என்று இரண்டையும் பிரித்துப் பார்த்துத் திருத்த முடிந்தது. இந்த இரட்டைத் திறப்பு வேறெந்தப் பெரிய தளத்திலும் அன்று இல்லை.

கோர்ப்பு நிரலை மற்றத் தளங்களுக்குப் பெயர்த்து அமைக்கும் வேலையை எளிதாக்கியவை இரண்டு நூலகங்கள். 1996இல் டேவிட் டர்னர் தொடங்கிய ஃப்ரீடைப் எழுத்து வடிவத்தைப் புள்ளிகளாக வரைவது. எந்த மொழி என்று அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அதன் பக்கத்தில் வளர்ந்து, பின்னர் பெஹ்தாத் எஸ்ஃபபோத் கையில் புதிதாக எழுதப்பட்ட ஹார்ஃப்பஸ் கோர்ப்பு வேலையை மட்டும் செய்வது. நினைவகம், கோப்பு, எழுத்துரு அளவுகள், யூனிகோட் பண்புகள் ஆகியவற்றைத் தரும் சிறு செயற்கூறுகளை எந்த இயங்குதளமும் தானே எழுதிக் கொடுக்கலாம். எஞ்சிய நூலகத்தில் கை வைக்க வேண்டியதில்லை. பாங்கோ 2012இல் ஹார்ஃப்பஸுக்கு மாறியது. கியூட்டியும் லிப்ரே ஆபீஸும் பின்தொடர்ந்தன. மூன்றாகக் கிடந்த திருத்தங்கள் ஓரிடத்தில் சேர்ந்தன.

கைபேசியில் இதன் பயன் உடனே தெரிந்தது. தொடக்ககால ஆண்ட்ராய்டில் இந்திய எழுத்துகள் உடைந்தே தெரிந்தன. ஓப்பரா மினியின் அமைப்புக்குள் போய், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டச் சொல்லித் தமிழ்ப் பக்கங்களைப் படித்த தலைமுறை நம்மிடையே உண்டு. 2014 ஆகஸ்டில் 1,999 ரூபாய்க்கு வந்த இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ் போன்ற ஃபயர்பாக்ஸ் ஓ.எஸ். கைபேசிகளுக்கு அந்தச் சுற்றுவழி தேவைப்படவில்லை. உலாவிப் பொறியோடு ஹார்ஃப்பஸும் கூடவே வந்தது. அந்த இயங்குதளம் நீடிக்கவில்லை. அதிலிருந்து கிளைத்த காய்ஓஎஸ் 2017இல் ஜியோபோனில் ஏறியது.

கோர்ப்பு நிரல் எந்த லிபிக்கும் சார்பாக நிற்காமல் இருப்பதே இந்த வரலாற்றின் மிகப் பெரிய பேறு என்பேன். பழைய 8 பிட் கோப்பில் எழுதியவர் தேர்ந்த லிபி உரைக்குள்ளேயே உறைந்துவிட்டது. இன்று ஸ்ரீவராகம், திருவனந்தபுரம் என்று ஒருவர் தட்டிய அதே குறியீடுகளை ரசனா பழைய லிபியில் காட்டும், கார்த்திகா புதிய லிபியில் காட்டும். உரையில் ஓர் எழுத்தும் மாறாது. 2022இல் கேரள அரசு பழைய லிபி வடிவங்களை ஓரளவு மீண்டும் ஏற்கத் தீர்மானித்தபோது, யூனிகோடில் இருந்த எந்த ஆவணத்தையும் அதற்காக மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருக்கவில்லை.